கூலண்ட் குறைகிறது, ஒழுகல் தெரியவில்லை: பழைய டீசல் காரில் காரணம் தேடும் வழி

கூலண்ட் டேங்கில் கூலண்ட், அதாவது இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம், இறங்கியிருப்பதைப் பார்த்ததும் எல்லோரும் கேட்பது "எங்கே ஒழுகுது?" என்றுதான். அதற்கு முன்னால் "எப்போ குறையுது?" என்று கேட்டுப் பாருங்கள். இரவு முழுக்கச் சும்மா நிற்கும்போதா, சூடாக ஓடும்போதா, மேடு ஏறி இன்ஜினுக்கு லோடு விழும்போதா, ஓட்டி நிறுத்திய பத்து இருபது நிமிடத்திலா? இந்த நான்கில் எது என்று தெரிந்துவிட்டால் தேட வேண்டிய இடம் பாதிக்கு மேல் சுருங்கிவிடும். இதைக் கேட்காமல் விட்டவர்கள்தான் ஹெட்டை (சிலிண்டர்களை மேலிருந்து மூடும் பாகம்) இறக்கிப் பார்த்துவிட்டு ஹோஸ் கிளிப்பில் வந்து நிற்கிறார்கள். சிலர் வாட்டர் பம்பு, ரேடியேட்டர் என்று ஒவ்வொன்றாக மாற்றிவிட்டுக் கடைசியில் ஹெட்டில் விரிசலைக் கண்டுபிடிக்கிறார்கள்.

கை வைப்பதற்கு முன் மூன்று விஷயம். சூடான இன்ஜினில் கூலண்ட் மூடியைத் திறக்கவே கூடாது. மூடி உள்ளே சுமார் 1 பார் அழுத்தத்தைப் பிடித்து வைத்திருக்கிறது, அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீர்கூட 120 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. மூடியைத் தளர்த்திய நொடியில் அழுத்தம் போய், மொத்தமும் கொதித்து முகத்தில் அடிக்கும். மேல் ஹோஸை வெறும் கையால் பிடிக்க முடிகிற அளவுக்கு ஆறினால்தான் திறக்கலாம். அடுத்தது, மின்சார ஃபேன் இருக்கும் வண்டியில் சாவியை எடுத்த பிறகும் ஃபேன் தானாகச் சுழல ஆரம்பிக்கலாம், விரலை உள்ளே விடாதீர்கள். கடைசியாக, பெரும்பாலான கூலண்டில் இருப்பது எத்திலீன் கிளைக்கால். இனிப்பாக இருக்கும், விஷம். தரையில் சிந்தியதை நாயோ குழந்தையோ நக்கிவிடாதபடி உடனே கழுவிவிடுங்கள்.

உண்மையிலேயே குறைகிறதா?

சமதளத்தில், காலையில், இன்ஜின் நன்றாகக் குளிர்ந்திருக்கும்போது மட்டும் அளவு பாருங்கள். டேங்கின் வெளிப்பக்கம் ஒரு துண்டு டேப் ஒட்டி, அன்றைய மட்டத்தில் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். ஓடிய கிலோமீட்டரையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு முறை சூட்டில், மறு முறை ஆறிய பிறகு என்று பார்த்தால் கணக்கு கட்டாயம் தவறும். குளிர்ந்த நிலையிலிருந்து ஓடும் சூட்டுக்கு வரும்போது கூலண்ட் ஏறக்குறைய 4 சதவீதம் விரிகிறது. ஏழு லிட்டர் பிடிக்கும் சிஸ்டத்தில் அது கால் லிட்டருக்கும் மேல்.

இதிலிருந்து வரும் ஒரு பொய்க் குறை உண்டு. மேல் கோட்டைத் தாண்டி ஊற்றி வைப்பவர்களுக்கு ஒவ்வொரு முறையும் அதிகப்படியானது வெளியே வழிந்துவிடும், அவர்கள் மறுபடி ஊற்றுவார்கள், மறுபடி வழியும். இரண்டு கோட்டுக்கும் நடுவில் வந்து அளவு அசையாமல் நின்றுவிட்டால் வண்டியில் கோளாறு ஒன்றும் இல்லை. அதேபோல் சமீபத்தில் ஹோஸோ ரேடியேட்டரோ மாற்றியிருந்தால் உள்ளே மாட்டியிருந்த காற்று வெளியேறும் வரை முதல் சில நாள் மட்டம் இறங்கத்தான் செய்யும்.

கீழே ஈரம் தெரிகிறது

இது நல்ல செய்தி. விழுவது என்ன என்று மட்டும் முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். வெள்ளைக் காகிதத்தில் ஒற்றி எடுத்துப் பாருங்கள். ஏசியிலிருந்து சொட்டுவது நிறமும் வாசனையும் இல்லாத வெறும் தண்ணீர். கூலண்டுக்கு நிறம் உண்டு, விரல்களுக்கு நடுவில் தேய்த்தால் வழுக்கும், மெல்லிய இனிப்பு வாசனை வரும்.

சொட்டு விழும் இடத்தை நம்பாதீர்கள். கூலண்ட், இன்ஜின் பிளாக்கின் ஓரமாக ஓடி, பிராக்கெட்டில் தேங்கி, அடியில் இருக்கும் குறுக்குச் சட்டம் (கிராஸ்மெம்பர்) வழியாக ஒரு அடி தள்ளி விழும். ஃபேன் காற்று வேறு பின்னால் தள்ளும். ஈரமாக இருக்கும் பகுதியில் எது மிக உயரத்தில் இருக்கிறதோ அங்கிருந்து தேட ஆரம்பியுங்கள். காய்ந்துபோன பழைய கசிவு வெள்ளையாகவோ பச்சையாகவோ இளஞ்சிவப்பாகவோ உப்புப் படிந்ததுபோல் இருக்கும். ஈரத்தைவிட அந்தப் படிவம்தான் பெரும்பாலும் சரியான இடத்தைக் காட்டும்.

பழைய வண்டிகளில் வழக்கமாக மாட்டுபவை சில. ரேடியேட்டரின் அலுமினியக் கோரும் பிளாஸ்டிக் டேங்கும் சேரும் மடிப்பு. தெர்மோஸ்டாட் (சூடானதும் திறந்து கூலண்டை ரேடியேட்டருக்கு விடும் வால்வு) உட்காரும் பிளாஸ்டிக் ஹவுசிங், அதில் ஹோஸ் ஏறும் கழுத்தில் முடி அளவு விரிசல் வரும். ஹெட்டுக்குப் பின்னால் ஹீட்டருக்குப் போகும் இரும்புக் குழாய், துரு தின்று ஊசித்துளை விழும். டர்போவுக்குக் கூலண்ட் கொண்டுபோகும் சிறு குழாயின் போல்ட்டில் இருக்கும் செப்பு வாஷர். இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தின் அடியிலிருந்து சொட்டினால் பிளாக்கின் பின்பக்கத்துக் கோர் பிளக்கை (வார்ப்புத் துளையை அடைக்கும் தகட்டு மூடி) சந்தேகியுங்கள். அதை மாற்ற கியர்பாக்ஸை இறக்க வேண்டியிருக்கும், ஆகவே அதற்கு மேலே இருக்கும் ஹீட்டர் குழாயிலிருந்து வழிந்து வரவில்லை என்று தெளிவாகத் தெரிந்த பிறகே கை வையுங்கள்.

வாட்டர் பம்பைத் தனியாகச் சொல்ல வேண்டும். பம்பின் உடலில் ஒரு சிறு துளை இருக்கும். உள்ளே சீல் தேய்ந்தால் பேரிங்கைக் காப்பாற்றுவதற்காகக் கூலண்டை அந்தத் துளை வெளியே விடுகிறது. லேசான கறை பரவாயில்லை, சொட்டு விழுந்தால் பம்பு முடிந்தது. பல டீசல் இன்ஜின்களில் டைமிங் பெல்ட்டே பம்பை ஓட்டுகிறது. அங்கே கசிவு கவருக்குள் மறைந்துவிடும், கவரின் அடி விளிம்பில் படிவம் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தால்தான் தெரியும். கூலண்டில் நனைந்த பெல்ட் பல் தாண்டினால் டீசலில் வால்வு நேராகப் பிஸ்டனில் மோதும். ஆகவே பம்பு மாற்றும்போது பெல்ட்டும் டென்ஷனரும் சேர்த்தே மாற வேண்டும், இதில் சிக்கனம் பார்ப்பது வீண்.

காலையில் மட்டும் ஈரம், ஓடினால் நின்றுவிடுகிறது

குளிர்க் கசிவு. ரப்பரும் உலோகமும் ஒரே அளவில் சுருங்குவதில்லை, ஆகவே குளிர்ந்ததும் ஹோஸ் கழுத்தில் இடைவெளி விழுகிறது, சூடானதும் மூடிக்கொள்கிறது. சூடான இன்ஜினை எத்தனை முறை சுற்றிச் சுற்றிப் பார்த்தாலும் இது சிக்காது. ஸ்க்ரூ கிளிப்பாக இருந்தால் அரைச் சுற்று இறுக்கிப் பாருங்கள். அதற்கு மேல் முறுக்கினால் கிளிப் ரப்பரை அறுக்கும். ஹோஸின் நுனி கல்லாகி வெடித்திருந்தால் இறுக்கிப் பயனில்லை, ஹோஸை மாற்றுவதே வழி.

இதைக் கையும் களவுமாகப் பிடிப்பது பிரஷர் டெஸ்டர். மூடி இருக்கும் இடத்தில் மாட்டுகிற கைப்பம்பு, மேலே ஒரு கேஜ், அவ்வளவுதான். மூடியில் எழுதியிருக்கும் அழுத்தம் வரை அடியுங்கள், அதற்கு மேல் வேண்டாம். பதினைந்து நிமிடம் முள் அசையாவிட்டால் பெரிய ஒழுகல் இல்லை. சந்தேகம் தீராவிட்டால் இரவு முழுக்க அப்படியே விட்டுவிடுங்கள், அடியில் ஒரு அட்டையை விரித்து வையுங்கள். முள் இறங்கியிருந்து அட்டை காய்ந்திருந்தால் கூலண்ட் உள்ளே எங்கோ போகிறது என்று அர்த்தம். போகக்கூடிய இடங்கள் பெரும்பாலும் நாலு: சிலிண்டர், ஆயில், இஜிஆர் கூலர் (இன்ஜினுக்குத் திருப்பி விடும் புகையைக் குளிர்விப்பது), கேபினைச் சூடாக்கும் சிறு ரேடியேட்டரான ஹீட்டர் கோர்.

நிறுத்திய பிறகு டேங்கிலிருந்து வழிகிறது

முதல் சந்தேகம் மூடிதான். ஸ்பிரிங் தளர்ந்த மூடி குறைந்த அழுத்தத்திலேயே திறந்துவிடும், கூலண்ட் சீக்கிரமே கொதித்து வெளியேறும். மூடிக்குள் எதிர்த்திசையில் திறக்கும் சிறு வால்வும் உண்டு. அது ஒட்டிக்கொண்டால் இன்ஜின் ஆறும்போது ஹோஸ் தட்டையாக ஒட்டிப்போகும். வண்டிக்குச் சொன்ன அதே அழுத்தத்துக்கான மூடியை வாங்குங்கள். கூடுதல் அழுத்தம் தாங்கும் மூடி போட்டால் அடுத்து வெடிப்பது பழைய ரேடியேட்டர். மூடி சரியென்றால் ஃபேன், ரேடியேட்டர் அடைப்பு, தெர்மோஸ்டாட் என்று போகலாம். ஆனால் அது ஓவர் ஹீட் கதை. கூலண்ட் வழிவது அதன் விளைவு மட்டுமே.

கேபினில் இனிப்பு வாசனை, கண்ணாடியில் பிசுபிசுப்பு

ஹீட்டர் போட்டதும் முன் கண்ணாடியில் உள்பக்கம் பனி படிந்து, துணியால் துடைத்தால் எண்ணெய்ப் பூச்சுபோல் இழுபடுகிறதா? ஹீட்டர் கோர் ஒழுகுகிறது. டேஷ்போர்டுக்கு அடியில் கார்ப்பெட்டைத் தூக்கிப் பாருங்கள், மேலே காய்ந்திருந்தாலும் அடியில் ஸ்பாஞ்ச் நனைந்திருக்கும். உறுதி செய்ய, இன்ஜின் பக்கத்தில் ஹீட்டருக்குப் போகும் இரண்டு ஹோஸ்களையும் கழற்றி ஒரு குழாய்த் துண்டால் ஒன்றோடொன்று இணைத்துவிடுங்கள். தனித்தனியாக அடைக்க வேண்டாம், சில இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் மூடியிருக்கும்போது சுற்றோட்டமே அந்த வழியாகத்தான் நடக்கிறது. ஒரு வாரம் அப்படி ஓட்டியும் கோடு அசையாவிட்டால் குற்றவாளி கிடைத்துவிட்டது.

குளிர்ந்த இன்ஜினிலேயே ஹோஸ் விறைக்கிறது

டீசல்காரர்கள் நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டிய அறிகுறி இதுதான். பழைய டீசல் இன்ஜின்களின் அமுக்க விகிதம் பெரும்பாலும் 18க்கு 1 முதல் 22க்கு 1 வரை இருக்கும். எரிபொருள் பற்றுவதற்கு முன்பே சிலிண்டருக்குள் 30 பார் அளவுக்கு அழுத்தம், பற்றிய கணத்தில் அதைவிட வெகு அதிகம். ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் அடைப்பாக இருக்கும் கேஸ்கட்டுக்கு மறுபக்கம், கூலண்டில் 1 பார்தான். ஆகவே கேஸ்கட்டில் சின்ன வழி கிடைத்தாலும் முதலில் நடப்பது கூலண்ட் உள்ளே போவதல்ல, எரிந்த வாயு கூலண்டுக்குள் புகுவது. அந்த வாயு டேங்கை அழுத்தி மூடி வழியாகக் கூலண்டை வெளியே துரத்துகிறது. ஆயில் பால்போல் வெளுக்கவில்லை, சைலன்சரில் புகை இல்லை, ஆனாலும் கூலண்ட் காணாமல் போகிறது என்ற குழப்பம் பெரும்பாலும் இங்கிருந்துதான் வருகிறது. நெடுஞ்சாலையில் மேடு ஏறினால் மட்டும் குறையும், ஊருக்குள் ஓட்டினால் குறையாது என்பதும் இதன் அடையாளம்.

சோதனைக்குக் கருவி வேண்டாம். இரவு முழுக்க ஆறிய இன்ஜினில் மூடியைத் திறங்கள். முந்தைய நாள் அழுத்தம் இன்னும் நின்று 'புஸ்' என்று சத்தம் வந்தால் அதுவே ஒரு சாட்சி. கூலண்ட் ஆறிச் சுருங்கிய பிறகு அங்கே அழுத்தம் இருக்கக் காரணமே இல்லை. மூடியைத் திரும்ப இறுக்கி ஸ்டார்ட் செய்து, ரேடியேட்டருக்குப் போகும் மேல் ஹோஸை அமுக்கிப் பாருங்கள். தெர்மோஸ்டாட் திறக்கவில்லை, ஹோஸ் இன்னும் ஜில்லென்று இருக்கிறது. சூடு இல்லாதபோது விரிவும் இல்லை. அந்த நிலையில் இரண்டு மூன்று நிமிடத்துக்குள் ஹோஸ் கல்லாக விறைத்தால் உள்ளே வாயு ஏறுகிறது.

டேங்கில் குமிழி பார்ப்பதில் மட்டும் அவசரம் கூடாது. திரும்பி வரும் சிறு குழாயிலிருந்து விழும் நீரோட்டமே சிலருக்குக் குமிழியாகத் தெரியும். புதிதாக நிரப்பிய சிஸ்டத்தில் காற்று வெளியேறும்போதும் குமிழி வரும். சந்தேகப்பட வேண்டியது, கோலி சோடா உடைத்ததுபோல் நிற்காமல் வந்து, ஆக்சிலரேட்டர் கொடுக்கக் கொடுக்கக் கூடும் குமிழி.

ரசாயன டெஸ்டரும் உண்டு. டேங்கின் வாயிலிருந்து காற்றை உறிஞ்சி நீல நிறத் திரவத்தின் வழியாக அனுப்புவார்கள், கார்பன் டை ஆக்சைடு இருந்தால் நிறம் மாறும். பெட்ரோல் வண்டிக்குப் பழகிய மெக்கானிக் டீசலில் இதைச் செய்து "ஒன்றும் இல்லை" என்று சொல்லி அனுப்புவது நடக்கக்கூடியது. டீசல் இன்ஜின் ஐடிலிங்கில் தேவைக்கு மிக அதிகமான காற்றை இழுக்கிறது, ஆகவே அதன் புகையில் அந்த வாயு மிகக் குறைவு. வண்டியை லோடில் நன்றாக ஓட்டிவிட்டு வந்தவுடன் சோதியுங்கள். கேஸ்கட்டின் ஓட்டை லோடில் மட்டும் திறக்கும் வகையாக இருந்தாலும் அப்போதுதான் அகப்படும். நிற மாற்றமும் வேறுபடலாம். பல டெஸ்டர்களில் பெட்ரோலுக்கு மஞ்சள், டீசலுக்குப் பச்சை. புட்டியின் மேல் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு முடிவு சொல்லுங்கள். டேங்கிலிருந்து கொஞ்சம் கூலண்டை முன்பே எடுத்துவிடுங்கள், அது டெஸ்டருக்குள் ஏறினால் சோதனை கெட்டது.

எந்த சிலிண்டர் என்று தெரிய, குளோ பிளக்குகளை (ஸ்டார்ட் செய்யும்போது சிலிண்டரைச் சூடாக்குபவை) கழற்றி, பிரஷர் டெஸ்டரால் சிஸ்டத்தை அழுத்தி, சில மணி நேரம் விட்டு, எரிபொருளைத் துண்டித்து இன்ஜினைச் சுழற்றுங்கள். எந்தத் துளையிலிருந்து பீய்ச்சுகிறதோ அதுதான். தள்ளி நில்லுங்கள். பழைய குளோ பிளக் ஹெட்டுக்குள்ளேயே ஒடிந்துபோகும் சுபாவம் கொண்டது, முந்தைய நாளே துரு நீக்கும் ஆயில் விட்டு, இன்ஜின் வெதுவெதுப்பாக இருக்கும்போது மெதுவாகத் திருகுங்கள்.

காலையில் ஸ்டார்ட்டர் ஒரு முறை 'டக்' என்று முட்டி நின்றால் அத்தோடு விட்டுவிடுங்கள், திரும்பத் திரும்ப முயல வேண்டாம். நான்கு சிலிண்டர் 2 லிட்டர் இன்ஜினில் ஒரு சிலிண்டர் 500 சிசி. அமுக்க விகிதம் 20 என்றால் பிஸ்டன் மேலே வந்ததும் மிஞ்சும் இடம் சுமார் 26 சிசி, ஐந்து டீஸ்பூன் அளவுதான். அந்த அளவு கூலண்ட் இரவில் இறங்கியிருந்தால் போதும், தண்ணீர் அமுங்காது, கனெக்டிங் ராடு வளையும்.

சைலன்சரில் வெள்ளைப் புகை

குளிர்காலையில் வரும் நீராவி சில நிமிடத்தில் மறையும், அதை விட்டுவிடுங்கள். கண்ணை எரித்து, பச்சை டீசல் வாடை அடித்தால் அது எரியாத டீசல். குளோ பிளக், இன்ஜெக்டர், டைமிங் பக்கம் போங்கள், கூலண்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இன்ஜின் சூடான பிறகும் புகை நின்று, இனிப்பு வாசனையோடு வெகுநேரம் காற்றில் மிதந்தால் கூலண்ட் எரிகிறது.

அப்படியே இருந்தாலும் ஹெட்டைத் தொடுவதற்கு முன் இஜிஆர் கூலரைப் பாருங்கள், வண்டியில் அது இருந்தால். புகை ஓடும் குழாய்களைச் சுற்றிக் கூலண்ட் ஓடும் சாதனம் அது. சூடும் குளிரும் மாறி மாறிப் பட்டு உள் குழாய் வெடிக்கிறது, கூலண்ட் புகைப்பாதைக்குள் இறங்குகிறது. கேஸ்கட் போனதற்கான எல்லா வேஷமும் இது போடும், சில நேரம் எதிர்த்திசையில் வாயுவைத் தள்ளி ஹோஸைக்கூட விறைக்க வைக்கும். இஜிஆர் குழாயைக் கழற்றி உள்ளே விரலை விடுங்கள். உலர்ந்த கரி இயல்பு. கரி சேறாக நனைந்தோ வெள்ளைப் படிவத்தோடோ இருந்தால் கூலரைக் கழற்றி, ஒரு முனையை அடைத்து, சுடுநீரில் முக்கிக் கூலண்ட் பக்கம் காற்றடியுங்கள். பச்சைத் தண்ணீரில் வராத குமிழி சூட்டில் வரும். ஹெட்டை இறக்கும் வேலைக்கு முன்னால் இது ஒரு மதிய வேலைதான்.

ஆயிலில் பால், டேங்கில் எண்ணெய்

ஆயில் மூடியின் அடியில் மட்டும் மஞ்சள் கலந்த வெண்ணிறக் கசடு இருந்தால் பயப்பட வேண்டாம். குறைந்த தூரமே ஓடும் வண்டியில் காற்றின் ஈரம் அங்கே படியும். டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். ஆயில் முழுக்கவே வெளுத்து, அளவும் ஏறியிருந்தால் அதற்கு மேல் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாதீர்கள், பேரிங் போகும்.

எது எதற்குள் போகிறது என்பதை அழுத்தமே சொல்லிவிடும். ஓடும்போது ஆயில் அழுத்தம் 3 முதல் 5 பார், கூலண்ட் 1 பார். ஆகவே ஆயில் ஃபில்டரின் அடியில் இருக்கும் ஆயில் கூலரில் ஓட்டை விழுந்தால் முதலில் டேங்கில் கருப்பு எண்ணெய் மிதக்கும். இன்ஜின் நின்ற பிறகுதான் மிச்ச அழுத்தத்தில் கூலண்ட் ஆயில் பக்கம் திரும்பும். டேங்கில் எண்ணெய், ஆயில் சுத்தம், ஹோஸ் விறைக்கவில்லை என்றால் கேஸ்கட்டை விட்டுவிட்டு ஆயில் கூலரைக் கழற்றுங்கள். ஆட்டோமேட்டிக் கியர் வண்டியில் கலங்கல் இளஞ்சிவப்பாக இருந்தால் ரேடியேட்டருக்குள் இருக்கும் கியர் ஆயில் கூலர் உடைந்திருக்கிறது. கூலண்ட் கலந்த ஆயிலோடு ஓட்டினால் கியர்பாக்ஸும் சேர்ந்து போகும்.

தற்காலிகமாக ஊற்றும்போது

வழியில் வேறு வழியில்லையென்றால் வெறும் தண்ணீர் ஊற்றலாம், ஆனால் கொதிக்கும் இன்ஜினில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் ஹெட் வெடிக்கும். ஆறட்டும். டெம்பரேச்சர் முள்ளையும் முழுதாக நம்பாதீர்கள். கூலண்ட் முற்றிலும் போய் சென்சார் காற்றில் தொங்கினால் முள் சாதாரணமாகவே நிற்கும், இறங்கக்கூடச் செய்யும். ஹீட்டரில் திடீரென்று குளிர்காற்று வந்தால் முள் என்ன சொன்னாலும் வண்டியை ஓரம் கட்டுங்கள்.

நிறத்தைப் பார்த்துக் கூலண்டைக் கலக்காதீர்கள். நிறத்துக்குப் பொதுவான விதி கிடையாது, ஒத்துவராத இரண்டு வகை சேர்ந்தால் கூழாகிப் பாதையை அடைக்கும். வண்டிப் புத்தகத்தில் சொன்ன வகையை, உப்பு நீக்கிய தண்ணீரோடு 50க்கு 50 கலந்து ஊற்றுங்கள். ஓட்டை அடைக்கும் பொடிகளும் திரவங்களும் ரேடியேட்டரின் ஊசித்துளையை அடைப்பது உண்மைதான், கூடவே ஹீட்டர் கோரின் மெல்லிய குழாய்களையும் அடைத்துவிடும். விற்கப்போகிற வண்டிக்கு அதை ஊற்றுகிறவர்கள் உண்டு, வைத்து ஓட்டப்போகிற வண்டியில் வேண்டாம்.

ஹெட் இறங்கியே ஆக வேண்டுமென்றால்

கேஸ்கட்டை மட்டும் மாற்றித் திரும்பப் பூட்டும் ஒர்க்‌ஷாப்பில் வண்டியை விடாதீர்கள். ஹெட்டை லேத்தில் கொடுத்துச் சமதளம் பார்க்க வேண்டும், பிரஷர் டெஸ்டில் விரிசல் பார்க்க வேண்டும். ஃபேஸிங் அடிக்க (முகத்தைச் சீவிச் சமப்படுத்த) எவ்வளவு இடம் உண்டு என்பதை அந்த இன்ஜினின் புத்தகம்தான் சொல்லும், சில டீசல் ஹெட்டுகளில் ஃபேஸிங்கே கூடாது. டீசல் கேஸ்கட் பல தடிமனில் வரும், ஓரத்தில் இருக்கும் வெட்டுகளோ துளைகளோ எந்தத் தடிமன் என்று காட்டும். பிஸ்டன் பிளாக்குக்கு மேல் எவ்வளவு எழும்புகிறது என்று அளந்து அதற்கேற்ற தடிமனைப் போட வேண்டும். இறுக்கும்போது நீளும் வகை ஹெட் போல்ட் என்றால் புதிது போடுவதைத் தவிர வேறு வழி இல்லை.

எந்த வேலை முடிந்தாலும் ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, காற்று வெளியேறும் ஸ்க்ரூ இருந்தால் அதைத் திறந்து, கூலண்ட் இடைவிடாமல் வரும் வரை மெதுவாக நிரப்புங்கள். தெர்மோஸ்டாட் திறந்து கீழ் ஹோஸும் சூடாகும் வரை இன்ஜின் ஓடட்டும். பிறகு முழுதாக ஆறவிட்டுக் குறைந்ததை ஊற்றி, பழைய டேப்பைக் கிழித்துவிட்டுப் புதுக் கோடு போடுங்கள். முதல் இரண்டு மூன்று சூட்டில் சற்று இறங்கும். அதற்குப் பிறகும் இறங்கினால் பிரஷர் டெஸ்டரை மறுபடி மாட்டுங்கள்.